ஏழாம் நம்பருக்குப் பந்து

ரஜ்னீதாவின் குடும்பம் கனடாவுக்கு விமானம் ஏற இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் அவளுக்கு நடக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். லிட்டியா அவளுக்கு ஒரே ஒரு தடவை பந்தைப் போட வேண்டும். சனிக்கிழமை இறுதிப் போட்டி. கோப்பை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் போகிறது. பந்துதான் முக்கியம்.

தென்கடல் தீவு ஒன்றில், பினாங்கு என்று பெயர் வைத்திருந்த சர்க்கரை மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் லிட்டியா ஐந்தாம் நம்பர், ரஜ்னீதா ஏழாம் நம்பர். லிட்டியா காய்வீத்திப் பெண், அந்த மண்ணின் பூர்வகுடி, கடலோரக் கிராமத்துக்காரி. ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. ரஜ்னீதாவோ அவள் முழங்கைக்குக் கீழே நின்று மழைக்கு ஒதுங்கலாம். மூன்று வருஷமாக ஆட்டம் ஒரே மாதிரிதான் நடந்தது. ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை லிட்டியா எட்டிப் பிடிப்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசுவாள், அது போய்ச் சேரும் இடத்தில் ரஜ்னீதா நிற்பாள். எப்படி என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது.

இப்போது ஆறு வாரமாக அந்தப் பந்து வருவதில்லை. லிட்டியா நாலாம் நம்பருக்குப் போடுகிறாள், ஆறாம் நம்பருக்குப் போடுகிறாள், யாரும் இல்லாத மூலைக்குக்கூடப் போடுகிறாள். ஏழுக்கு மட்டும் போடுவதில்லை.

அணியின் பயிற்சியாளர் சுரேந்திரா மாஸ்டர் புவியியல் வாத்தியார். கூடைப்பந்தை அவர் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். மைதானத்தில் ஆங்கிலத்தில் நம்பர் சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று காய்வீத்தி மொழியில் சொல்வார். எதிரணியிலும் பாதிப் பேர் காய்வீத்திப் பெண்கள்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பாவம், அவருக்கு இருந்த ஒரே ரகசியம் அது. நாலுக்கு ‘வா’, ஐந்துக்கு ‘லிமா’, ஆறுக்கு ‘ஓனோ’, ஏழுக்கு ‘வித்து’. முதல் நாள் பயிற்சியில் அவர் “வா” என்று நாலாம் நம்பர் ஊர்மிளாவைக் காட்டிக் கத்த, தமிழ் வீட்டில் வளர்ந்த ரஜ்னீதா தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று கையிலிருந்த பந்தோடு நேரே அவரிடம் ஓடிப்போய், “என்ன சார்?” என்று நின்றாள். லிட்டியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சிநேகம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிநேகத்துக்கு வந்த கேட்டைச் சொல்ல, அந்த வருஷம் நாட்டுக்கு வந்த கேட்டைச் சொல்லியாக வேண்டும். 1987 மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, தலைநகர் சுவாவில் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, புதிதாக வந்திருந்த அரசாங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதில், கரும்பு வெட்ட வந்தவர்களின் வாரிசுகளான இந்தியர்களின் கை ஓங்கிவிட்டது என்பது காரணம். ரேடியோவில் ‘கூ’ நடந்திருக்கிறது என்றார்கள். குயில் கூவுகிற மாதிரி இருந்த அந்த வார்த்தைக்கு ஆட்சிக் கவிழ்ப்பு என்று அர்த்தம் என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செப்டம்பரில் இரண்டாவது முறையும் கூவினார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொட்டால் குற்றம் என்று உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நின்றதில் மகிழ்ந்தவர் மாஸ்டரின் மனைவி ஒருவர்தான்.

அக்டோபரில் அணி தவுவாவுக்கு விளையாடப் போனது. பாலத்துக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். இந்தியப் பெண்கள் மட்டும் இறங்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். ரஜ்னீதாவின் பையில் முழங்கால் பட்டையும் ஒரு டப்பா புளிச்சோறும் இருந்தன. ஒரு சிப்பாய் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக் கொடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றது லிட்டியாவின் அண்ணன். போன தீபாவளிக்கு ரஜ்னீதா வீட்டில் உட்கார்ந்து பதினாலு வடை சாப்பிட்டவன். அவன் அவளைத் தெரியாதவன் போலப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைக்கூட ரஜ்னீதா பொறுத்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த லிட்டியா அந்தப் பக்க ஜன்னல் வழியாகக் கரும்பை வேடிக்கை பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பஸ் ஏறியதும் அவள் இந்தியில் கேட்டாள். இரண்டு பேருக்கும் சண்டை போடச் சரளமான பாஷை அதுதான்.

“உங்க அண்ணங்கிட்ட கேட்டுச் சொல்லு. நாங்க எப்பக் கிளம்பணுமாம்?”

லிட்டியா திரும்பவே இல்லை. “ஜூன்லயே பேப்பர் போட்டாச்சாமே. தபாலாபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.”

அது உண்மைதான். கனடாவுக்கு விண்ணப்பம் போட்டதை ரஜ்னீதா லிட்டியாவிடம் சொல்லவில்லை. உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது. அன்றைய ஆட்டத்தில் பந்து ஏழுக்கு வருவது நின்றது.

ரஜ்னீதாவின் அப்பா வீரசாமி மில்லில் ஃபிட்டர். பாய்லர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் பெருத்து, அவர் உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டில் எடுத்து வைப்பார்கள். வீட்டில் அவர் ஒருவர்தான் முழுசாகத் தமிழ் பேசுவார். மனைவி ஜான்கியும் மகளும் இந்தியில் பதில் சொல்வார்கள், அதில் யாருக்கும் குறையில்லை. அவரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து இருந்தது. ‘விட்டுத் தள்ளு.’ புயலில் கூரைத் தகரம் பறந்தபோது விட்டுத் தள்ளு. அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் வேலை வேறு ஆளுக்குப் போனபோது விட்டுத் தள்ளு. ஜூன் மாதம் நாட்டையே விட்டுத் தள்ள முடிவு செய்தபோதுதான் அந்த வார்த்தை அவர் வாயையே சுட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

லிட்டியாவைப் பற்றி மகள் சொல்லி அழுதபோதும் அவர் அதையேதான் சொன்னார். போகிற இடத்தில் ஆயிரம் சிநேகிதிகள் கிடைப்பார்கள், விட்டுத் தள்ளு. ரஜ்னீதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா இந்த மனுஷருக்கு என்று கோபம்.

இறுதிப் போட்டிக்கு அவளை அனுப்ப அவருக்கு இஷ்டமில்லை. சவேனிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வருகிறார்கள், அவர்களோடு கூட்டம் வரும், இரண்டு தரப்பிலும் இளவட்டங்கள் வரும், யாராவது ஒருத்தன் ஒரு வார்த்தை விடுவான், அடிதடி ஆகும், பேர் எழுதிக்கொள்வார்கள், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பார்கள் என்று படிப்படியாக அவர் மனக்கண்ணில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஜான்கி குறுக்கே வந்தாள். பிள்ளை விளையாடட்டும், பயமாயிருந்தால் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள் என்றாள்.

அப்படித்தான் வீரசாமி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடைப்பந்து பார்க்க வந்தார். இதில் ஒரு வேடிக்கை, அந்த மைதானத்து ரிங்குகள் இரண்டும் அவர் செய்தவை. மில்லில் கழித்துப் போட்ட குழாயை வளைத்து அவரே வெல்டிங் செய்து கொடுத்தது. மில் பக்கத்து ரிங் இடது புறம் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். மாஸ்டர் அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. சிப்பாய்கள் நாலு பேர் வந்து மாமரத்தடியில் நின்றார்கள், அதில் லிட்டியாவின் அண்ணனும் உண்டு. வீரசாமி கார் சாவியைக் கையில் பிடித்தபடி எல்லைக்கோட்டை ஒட்டி நின்றார். ஏதாவது என்றால் மகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட அவர் தயார்.

சண்டை எதுவும் வரவில்லை. ஆட்டம்தான் மோசமாகப் போனது. சவேனிப் பெண்கள் வேகக்காரிகள். அவர்களில் ஒருத்தி, ஒல்லியான கரும்புத் தோட்டத்துப் பெண், ரஜ்னீதாவை அட்டையாக ஒட்டிக்கொண்டாள். நடுவர் பார்க்காத நேரமெல்லாம் ரஜ்னீதாவின் பனியனின் பின்பக்கம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. லிட்டியா மலை மாதிரி நின்று பந்தைப் பிடித்தாள், பிடித்துப் பிடித்து நாலுக்கும் ஆறுக்கும் போட்டாள். ஏழு சும்மா நின்ற நேரத்தில்கூடப் போடவில்லை. ரஜ்னீதா கையைத் தூக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பந்து ஊர்மிளாவுக்குப் போனது. ஊர்மிளா நல்ல பெண்தான், ஆனால் அவள் எறிந்தால் பந்து பள்ளிக்கூடக் கூரைக்குப் போகும்.

மாஸ்டர் முதலில் ‘வித்து, வித்து’ என்று தொண்டை கிழியக் கத்தினார். லிட்டியாவின் காதில் விழுந்தது, அவள் தெரிந்தேதான் விட்டாள். இரண்டாவது பாதியில் அவருக்குக் குரல் கட்டிப்போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் எந்த மேப் தெரிந்ததோ.

முடிய சில விநாடிகள்தான். இருபத்தெட்டுக்கு இருபத்தேழு, சவேனி முன்னால். ஊர்மிளாவின் பந்து ரிங்கில் இடித்துத் திரும்ப, மூன்று பேருக்கு மேலே கையை நீட்டி லிட்டியா அதைப் பறித்தாள். ரஜ்னீதா இடது புறம், ரிங் தாழ்ந்திருந்த பக்கம், அவளுக்குப் பிடித்த இடத்தில் நின்றாள். பனியன் பின்னால் இழுபட்டது. ஆறு வாரத்துக் கோபமும் ஒன்றாகச் சேர, அவள் பந்தை மறந்து திரும்பி அந்த ஒல்லிப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வீரசாமி பார்த்தது அதை மட்டும்தான். அவர் பயந்த அடிதடி இதோ, தன் மகளே ஆரம்பிக்கிறாள். பதினொரு நாள் ஐந்து நாளாகி, பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அவர் முப்பது வருஷம் பாய்லரோடு போட்டி போட்ட குரலைத் திறந்தார்.

“விட்டு! விட்டுத் தள்ளு ரஜ்னி!”

அந்த ஒரு சத்தம் மூன்று காதில் மூன்று விதமாக விழுந்தது. ஒல்லிப் பெண்ணும் தமிழ் வீட்டுப் பெண். பெரியவர் ஒருத்தர் ‘விட்டு’ என்று அதட்டியதும், கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலப் பனியனை விட்டுவிட்டாள். ரஜ்னீதா இங்கேயுமா இந்த வார்த்தை என்று எரிச்சலோடு அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா நின்றது லிட்டியாவுக்கு நேர் பின்னால். லிட்டியாவுக்கோ தமிழ் தெரியாது. அவள் காதில் விழுந்தது ‘வித்து’, ஏழு. ஏழுக்குப் போடுவதில்லை என்ற பிடிவாதம் மனசுக்குத்தான் இருந்தது போல, கைக்கு இல்லை. எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத குரலில் அந்த நம்பரைக் கேட்டதும் மூன்று வருஷப் பழக்கத்தில் கை தானாக வீசிவிட்டது. பார்க்காமலேயே.

பந்து வந்தது. ரஜ்னீதா அதை நெஞ்சோடு வாங்கினாள். அழ நேரமில்லை, அதனால் எறிந்தாள். தாழ்ந்திருந்த விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே போகலாமா என்று ஒரு சுற்று யோசித்து, பந்து உள்ளே விழுந்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் கூச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மாமரத்தடியில் சிப்பாய்கள் குதித்தார்கள். மாஸ்டர் கண்ணைத் திறந்து, என்ன ஆயிற்று என்று எல்லாரிடமும் விசாரித்தார். அவர் கடைசிவரை அந்தப் பாஸ்கெட்டைப் பார்க்கவே இல்லை.

கூட்டத்துக்கு நடுவில் லிட்டியா விறைப்பாக நின்றாள். தான் ஒன்றும் வேண்டுமென்று போடவில்லை, மாஸ்டர் வித்து என்றார், அதனால்தான் என்றாள். தனக்குக் குரலே இல்லை என்று மாஸ்டர் காற்றாகச் சொன்னார். பிறகு யார் கத்தியது என்று எல்லாரும் தேட, வீரசாமி கார் சாவியோடு முன்னால் வந்து, நான்தான் கத்தினேன், ஆனால் நம்பர் எதுவும் சொல்லவில்லையே, சண்டை வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றார். ஏழுக்கு அந்த ஊர்ப் பாஷையில் வித்து என்பது அவருக்கும் தெரிந்ததுதான், சந்தையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கிய மனுஷர். அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது லிட்டியா. அன்றைக்கு ‘வா’வுக்குச் சிரித்த அதே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. ரஜ்னீதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரித்து ஓய்ந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு நான் கரும்பைப் பார்க்கல,” என்றாள் லிட்டியா. “உன்னைப் பார்க்க வெட்கமா இருந்துது. அதான் திரும்பிக்கிட்டேன்.”

“கனடா விஷயத்தை உங்கிட்ட சொன்னா அது நிஜமாயிடும்னு பயந்தேன்,” என்றாள் ரஜ்னீதா.

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மிச்சமிருந்த ஐந்து நாளையும் ஞாயிறு நீங்கலாக அந்த மைதானத்திலேயே கழித்தார்கள். நாட்டில் எதுவும் மாறிவிடவில்லை. பாலத்தில் சிப்பாய்கள் நின்றார்கள், தபாலாபீஸில் வெளிநாட்டு உறைகள் வந்துகொண்டிருந்தன, ஊர்மிளா வீட்டிலும் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் பந்து ஏழுக்கு வந்தது. ரஜ்னீதாவுக்கு அது போதுமாயிருந்தது என்று சொன்னால் பொய். போதவில்லை. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தாள்.

வியாழக்கிழமை வேனில் நாந்தி விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். லிட்டியா கூட வந்தாள். அவள் மடியில் ஒரு பை, அதில் என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. பாலத்தில் லிட்டியாவின் அண்ணன் வேனை நிறுத்தாமலே தடுப்புக் கட்டையைத் தூக்கினான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கை உள்ளே திணித்துவிட்டு, ஜான்கியின் முகத்தைப் பார்த்தான். வடை நன்றாக இருந்தது என்று ஒரு வருஷம் கழித்துச் சொன்னான். கனடாவில் கிழங்கை உள்ளே விடமாட்டார்கள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் ஊரில் பாதி அழுதுகொண்டிருந்தது. பயணிகள் மட்டும் என்று கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் லிட்டியா நின்றுவிட்டாள். ரஜ்னீதா திரும்பிப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு, அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள். வீரசாமி இரண்டு கையிலும் இரண்டு பெரிய பெட்டிகளோடு மூச்சு வாங்கப் போனார். கதவு பத்தடியில் இருந்தது.

பின்னாலிருந்து, மாஸ்டரைத் தோற்கடிக்கிற குரலில் ஒரு சத்தம் வந்தது.

“வித்து!”

வீரசாமி இரண்டு பெட்டிகளையும் தொப்பென்று கீழே விட்டார்.

“என்னாத்தம்மா விடச் சொல்லுது அந்தப் பொண்ணு?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “இன்னும் விடறதுக்கு என்ன இருக்குது நம்மகிட்ட?”

ரஜ்னீதா வழக்கத்துக்கு மாறாக அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“விடச் சொல்லலப்பா. என்னைக் கூப்பிடறா.”

சொல்லிக்கொண்டே திரும்பினாள். அழுகிற தலைகளுக்கும் தூக்கிய கைகளுக்கும் மேலாக, அணியில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பழைய பந்து வந்துகொண்டிருந்தது. வீசியவள் அதற்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரஜ்னீதா இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். இந்தத் தடவை அதை அவள் யாருக்கும் போடவில்லை.